பெஃப் பூர்கிஞோன்: பல குளிர்காலங்கள் சமைத்த அனுபவம்

பாரிஸுக்குக் குடிவந்ததிலிருந்து குளிர்காலம் தவறாமல் எங்கள் வீட்டில் பெஃப் பூர்கிஞோன் உண்டு. மாட்டிறைச்சியைச் சிவப்பு வைனில் மணிக்கணக்கில் வேகவைக்கும், பிரான்சின் பர்கண்டி பகுதியின் பாணிக் குழம்பு இது. புதிதாகச் செய்யப்போகிறவர்கள் முதலில் கேட்பது எந்த வைன் வாங்க வேண்டும் என்றுதான். வைன் அப்புறம். முதலில் கறியைச் சரியாக வாங்குங்கள்.

ஸ்டேக்குக்கு வெட்டும் மெத்தென்ற கறி இதற்கு ஆகாது. விலையும் அதிகம், மூன்று மணி நேரத்தில் சக்கையாகிவிடும். தோள்பட்டை, கன்னம், கால் போல நன்றாக உழைத்த தசைதான் வேண்டும். இறைச்சிக்கடையில் பாலெரோன் என்று கேட்டால் தோள்பட்டையிலிருந்து தருவார்கள். அதை நறுக்கும்போது நடுவில் வெள்ளையாக ஒரு சவ்வு நெடுக ஓடும். பார்த்ததும் வெட்டி எறியத் தோன்றும். தயவுசெய்து எறியாதீர்கள். அது முழுக்க கொலாஜன், அதாவது தசையைப் பிணைக்கும் புரதம். 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீண்ட நேரம் வெந்தால் மெல்ல ஜெலட்டினாக இளகும். வெந்த துண்டை எடுத்துப் பாருங்கள், அந்தச் சவ்வு ஒளி ஊடுருவும் அளவுக்குத் தெளிந்திருக்கும், கரண்டி பட்டாலே பிரியும். குழம்பு உதட்டில் ஒட்டுவது இதனால்தான். ஆட்டுக்கால் பாயா குடித்தவர்களுக்கு அந்த ஒட்டல் தெரியும். இப்போதெல்லாம் பாலெரோனோடு கொஞ்சம் கன்னக்கறியும் சேர்த்து வாங்குகிறேன். துண்டு 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

வைன் விஷயத்தில் செலவு தேவையில்லை. பர்கண்டியின் சிவப்பு வைனுக்கான திராட்சை பினோ நுவார் என்பதால் அதையே ஊற்றுவது மரபு. ஆனால் விலை உயர்ந்த பாட்டிலின் நுட்பமான வாசனை மூன்று மணி நேரக் கொதியில் நிற்காது. சாதாரண பினோ நுவார், இல்லாவிட்டால் கோத் துய் ரோன் என்ற பிரெஞ்சுச் சிவப்பு வைன் போதும். துவர்ப்பு தூக்கலான வைன் மட்டும் வேண்டாம், சுண்டச் சுண்டக் கசக்கும். 1.5 கிலோ கறிக்கு 750 மில்லி பாட்டில் முழுவதும் ஊற்றலாம். கொதித்தால் ஆல்கஹால் எல்லாம் பறந்துவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். அப்படி முழுவதும் போவதில்லை. இரண்டரை மணி நேரம் வெந்த பிறகும் ஊற்றிய ஆல்கஹாலில் சுமார் 5 சதவீதம் தங்கும் என்கிறது அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை. அதனால் மதுவை அறவே தொடாதவர்கள் விருந்துக்கு வந்தால் வேறு ஏதாவது சமைத்துவிடுவேன்.

முதல் நாள் இரவே கறியை வைனில் ஊறவைப்பதை நிறுத்திவிட்டேன். வைன் மேலாக மட்டும்தான் இறங்குகிறது, ஈரக் கறியோ சிவப்பதில்லை. அதற்குப் பதில் கறியைத் துணியால் ஒற்றி உலர்த்தி, சட்டி நன்றாகக் காய்ந்ததும் நாலைந்து துண்டுகளாகப் போட்டு வறுக்கிறேன். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு அவிந்துபோகும். ஒரு பக்கம் நன்றாகச் சிவந்தால் துண்டு தானாகவே சட்டியை விட்டு வரும். அதுவரை கிளற வேண்டாம். அடியில் பிடித்திருக்கும் பழுப்பு ஏடுதான் குழம்பின் ருசி. வெங்காயம், கேரட் வதக்கி, ஒரு கரண்டி மாவு தூவி, வைன் ஊற்றிச் சுரண்டினால் அவ்வளவும் கரைந்துவிடும். பூண்டு, தைம் என்ற வாசனைத் தழை, பிரிஞ்சி இலை, கொஞ்சம் எலும்புச் சாறு சேர்த்து மூடி, 150 டிகிரி ஓவனில் மூன்று மணி நேரம்.

சட்டி என்றால் எனாமல் பூசிய வார்ப்பிரும்பு. கனமான அடி சூட்டைச் சீராக வைத்திருக்கும், எனாமல் இருப்பதால் வைனின் புளிப்பு இரும்பைத் தொடாது. பிரஷர் குக்கரிலும் செய்து பார்த்திருக்கிறேன். கறி சீக்கிரம் வெந்துவிடுகிறது, சாறு மட்டும் சுண்டாமல் தண்ணீராக நிற்கிறது. குக்கர்தான் இருக்கிறது என்றால் வெந்தபின் கறியை எடுத்து வைத்துவிட்டுச் சாற்றைத் திறந்தபடி சுண்டவையுங்கள்.

காளானும் சின்ன வெங்காயமும் கடைசியில்தான், அதுவும் தனியாக வெண்ணெயில் வதக்கி. பன்றி இறைச்சித் துண்டுகள் சேர்ப்பது வழக்கம். சாப்பிடாதவர்கள் தாராளமாக விட்டுவிடலாம்.

வேலைநாள் சமையல் இல்லை இது, ஒரு மதியமே போய்விடும். அதோடு செய்த அன்றே பரிமாறுவதும் சரிப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை விருந்து என்றால் சனிக்கிழமையே சமைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் மேலே உறைந்த கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு மெல்லச் சூடாக்கினால் வைனின் புளிப்பு அடங்கி, கறியும் சாறும் ஒன்றாகியிருக்கும். அவித்த உருளைக்கிழங்கோடு ஆறு பேர் வயிறாரச் சாப்பிடலாம். கறி தீர்ந்து குழம்பு மிஞ்சினால் கொட்டிவிடாதீர்கள். கொதிநீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டையை அதில் போட்டு, வறுத்த ரொட்டியோடு சாப்பிடுங்கள். சிவப்பு வைன் குழம்பில் முட்டை என்பதும் பர்கண்டிக்காரர்களின் பழைய சமையல்தான். எங்கள் வீட்டில் அந்த முட்டைக்காகவே குழம்பைக் கொஞ்சம் கூடுதலாக வைக்கிறோம்.