இணையத்தில் சூட் தைக்கக் கொடுப்பது: டேப் உங்கள் கையில் இருக்கும்போது

அளவுகளை நிரப்பி, துணியைத் திரையில் பார்த்துத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டினால் சில வாரங்களில் வீட்டுக்கே சூட் அனுப்பிவைக்கும் சேவைகள் இப்போது நிறைய இருக்கின்றன. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கோட் பொருந்தினால் பேன்ட் பொருந்தாது, இடுப்பு சரியாக இருந்தால் கை நீளம் இடிக்கும் என்று ரெடிமேடில் அலைகிறவர்களுக்குக் கொடுக்கிற காசு வீண் போகாது. ஆனால் பெட்டியைப் பிரித்ததும் மாட்டிக்கொண்டு கிளம்பலாம் என்று நினைத்து ஆர்டர் போடக்கூடாது. ரிசப்ஷனுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். தைத்து வருவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். ஆல்டரேஷனுக்கு இரண்டு வாரம், திரும்பத் தைக்க நேர்ந்தால் இன்னொரு மாதம் என்று கணக்குப் போட்டு, மூன்று மாதம் முன்னதாகவே கொடுத்துவிடுவது நல்லது.

இந்த நிறுவனங்கள் உங்களுக்கென்று புதிதாகக் கட்டிங் போடுவதில்லை. ஏற்கெனவே கணினியில் உள்ள ஒரு அடிப்படை பேட்டர்னை எடுத்து, நீங்கள் தரும் எண்களுக்கு ஏற்ப அகலத்தையும் நீளத்தையும் மாற்றி வெட்டுகிறார்கள். தெரு முனை டெய்லர் செய்கிற ட்ரையல் இதில் கிடையாது. ட்ரையலில் கட்டிங் மாஸ்டர் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டுவிட்டுப் போகிறாரே, அந்தக் கோடுகளில்தான் சூட்டின் பாதி விஷயம் இருக்கிறது. டேப் எவ்வளவு என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. 40 இன்ச் மார்பு என்றால் முதுகு அகலமா, நெஞ்சு முன்னே துருத்தியிருக்கிறதா என்பது அந்த எண்ணில் இல்லை. கனடாவில் 2007இல் தொடங்கிய இண்டோசினோ, வாடிக்கையாளரே வீட்டில் அளவெடுத்து அனுப்பும் முறையில்தான் பேர் வாங்கியது. பிற்பாடு அந்த நிறுவனமே ஊர் ஊராகக் கடை திறந்து, ஆளை நேரில் நிறுத்தி அளவெடுக்கத் தொடங்கிவிட்டது. வேறு என்ன சாட்சி வேண்டும்?

ஆகவே ஒரு சேவையை எடைபோட அதன் அளவுப் படிவத்தைப் பாருங்கள். துணிகளின் பட்டியல் அப்புறம். உயரம், எடை, மார்பு, இடுப்பு என்று நான்கைந்து எண்களோடு முடித்துக்கொண்டு மற்றதை ஊகித்துக்கொள்கிற தளங்கள் சராசரி உடம்புக்குத்தான் சரிவரும். பதினைந்துக்குக் குறையாமல் அளவு கேட்டு, அதோடு முன், பக்கவாட்டு, பின்பக்கப் புகைப்படங்களும் கேட்கிற இடம் பரவாயில்லை. முரணான எண் போட்டால் கேள்வி கேட்கிறதா என்றும் பாருங்கள். மார்பை விட வயிற்றுக்கு 6 இன்ச் கூடுதலாகக் கொடுத்தும் மறுபேச்சில்லாமல் ஆர்டரை ஏற்றுக்கொள்கிற தளத்தில் மனிதக் கண் யாருடையதும் படுவதில்லை என்று பொருள்.

அதிகம் பேர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. படிவம் கேட்பது உடம்பின் அளவையா, தைத்து முடித்த உடுப்பின் அளவையா? உடம்பளவு கேட்டால் லூஸை அவர்களே சேர்த்துக்கொள்வார்கள். கோட்டுக்கு மார்பில் சாதாரணமாக 3 முதல் 4 இன்ச் வரை லூஸ் வைப்பார்கள். பழைய கோட்டை அளந்து, அந்த எண்ணை உடம்பளவுக் கட்டத்தில் போட்டால் லூஸ் இரண்டு முறை ஏறிவிடும். வருவது அண்ணன் கோட்டைத் தம்பி போட்ட மாதிரி இருக்கும். டேப்புக்குள் இரண்டு விரல் விட்டுப் பிடிக்கிற நம் ஊர்ப் பழக்கமும் இதே கோளாறைத்தான் செய்கிறது, சுமார் ஒரு இன்ச் அளவுக்கு. விரல் விடச் சொன்னால் மட்டும் விடுங்கள். சொல்லவில்லை என்றால் டேப் இறுக்காமல், தொங்காமல் உடம்போடு ஒட்டி நிற்கட்டும்.

டேப்பையும் சும்மா நம்ப வேண்டாம். பல வருடம் உழைத்த துணி டேப் இழுபட்டிருக்கும். 60 இன்ச் டேப்பை ஸ்டீல் ஸ்கேலோடு வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். இன்ச் என்றால் எல்லாம் இன்ச், செ.மீ. என்றால் எல்லாம் செ.மீ.; கலக்கவே கூடாது. ஒவ்வொரு அளவையும் மூன்று முறை எடுத்து, அரை இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி எடுக்க வேண்டும். முக்கியமானது, அளவெடுப்பது இன்னொருவராக இருக்க வேண்டும். தன்னைத்தானே அளக்கும்போது கை தூக்குகிறது, மார்பு விரிகிறது, எண்ணைப் பார்க்கத் தலை குனிகிறது, வயிறு மடிகிறது. நீங்களே எடுங்கள் என்று தளம் சொன்னாலும், வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு டேப்பைக் கையில் கொடுத்துவிட்டு நேராகப் பார்த்து நில்லுங்கள். மெல்லிய சட்டையும் சூட்டோடு போடப்போகிற ஷூவும் போட்டிருக்கட்டும். பாக்கெட்டில் போன் வேண்டாம். வயிற்றை எக்கவும் வேண்டாம்.

மார்பு அளவில் டேப் அக்குளை ஒட்டிப் போய், முதுகில் தோள்பட்டை எலும்பின் மேல் படிந்து, தரைக்கு இணையாக இருக்க வேண்டும். முதுகுப்பக்கம் டேப் இறங்கிவிடுவதைத் தனியாக அளப்பவரால் பார்க்கவே முடியாது. கோட்டின் வயிற்றளவு பேன்ட் கட்டுகிற இடத்தில் எடுப்பதல்ல. கோட் பட்டன் விழுகிற இடத்தில், கிட்டத்தட்ட தொப்புளை ஒட்டி எடுப்பது. சீட் அளவு பின்புறம் அதிகம் துருத்துகிற இடத்தில். பேன்ட் பாக்கெட்டில் இருக்கும் பர்ஸ் இந்த அளவைத்தான் கெடுக்கும்.

தோள் தனிக் கதை. இது ஒன்று தவறினால் மற்றவை அத்தனையும் சரியாக இருந்தும் புண்ணியமில்லை. கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கினால், தோளின் நுனியில் ஒரு சிறு குழி விழும். அந்தக் குழியில் பேனாவால் புள்ளி வைத்துவிட்டு, கையைக் கீழே விட்டபிறகு, ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிவரை முதுகுப்பக்கமாக, கழுத்தடியின் வளைவோடு சேர்த்து அளக்க வேண்டும். புள்ளி வைக்காமல் கண்ணால் பார்த்து அளப்பவர்கள் புஜத்தின் சதைவரை போய்விடுகிறார்கள்; அதிலேயே ஒரு இன்ச் கூடிவிடுகிறது. கூடினால் கோட்டின் தோளுக்குள் வைக்கிற பஞ்சுப் பேட் தோளைத் தாண்டித் தொங்கி, புஜத்துக்கு மேலே ஒரு பள்ளம் விழும். அதைச் சரிசெய்ய ஸ்லீவையும் லைனிங்கையும் பிரித்துத் திரும்ப ஏற்ற வேண்டும். நல்ல டெய்லர் அரை இன்ச் குறைத்துத் தருவார், கூலியும் நன்றாகக் கேட்பார். தோளை அகலமாக்க யாராலும் ஆகாது.

கை நீளத்தை அதே புள்ளியிலிருந்து தொடங்கி, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, மணிக்கட்டு எலும்புவரை எடுங்கள். இரண்டு கையும் தனித்தனியாக. இரண்டு எண்ணும் ஒன்றாக வரும் என்பதில்லை; வலது தோள் கொஞ்சம் இறங்கியிருப்பதும் சகஜம். கோட்டின் கைக்குக் கீழே சட்டைக் கஃப் அரை இன்ச் தெரிய வேண்டும் என்பது வழக்கம். கோட் நீளம் பின்கழுத்தில் எலும்பு துருத்தும் இடத்திலிருந்து பின்புறம் மூடுகிற இடம்வரை. ஏறக்குறைய, கழுத்தடியிலிருந்து தரைவரை உள்ளதில் பாதி.

பேன்ட் அளவில் நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது நீளத்தில். இங்கே டெய்லர் இடுப்புப் பட்டையிலிருந்து வெளிப்பக்கமாக முழு நீளம் எடுப்பார். வெளிநாட்டுத் தளங்களில் பல உட்பக்க நீளம், அதாவது தொடை பிரியும் இடத்திலிருந்து கீழே கேட்கும். இரண்டுக்கும் 9, 10 இன்ச் வித்தியாசம் உண்டு. ஜீன்ஸ் லேபிளில் உள்ள 34ஐ அப்படியே இடுப்பளவாக எழுதுவதும் வேண்டாம்; லேபிள் எண்ணும் டேப் எண்ணும் ஒத்துப்போவது அபூர்வம். தொப்பைக்குக் கீழே பேன்ட் கட்டுகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். முன்பட்டை தாழ்ந்தும் பின்பட்டை உயர்ந்தும் இருந்தால்தான் அந்தப் பேன்ட் நிற்கும். முன்னிலிருந்து கால்களுக்கு நடுவே பின்பட்டைவரை எடுக்கிற ஒரே அளவை மட்டும் கொடுத்தால் அது முன்னுக்கும் பின்னுக்கும் வழக்கமான விகிதத்தில் பிரிக்கப்படும்; உட்கார்ந்தால் பின்னால் இறங்கும். குறிப்பு எழுத இடமிருந்தால் இதைக் கட்டாயம் எழுதுங்கள், பக்கவாட்டுப் படத்தில் பெல்ட் கட்டுகிற இடம் தெரியட்டும்.

நன்றாகப் பொருந்துகிற கோட் ஒன்று ஏற்கெனவே இருந்தால், உடம்பை விட அதுவே நம்பகமான சாட்சி. மேசையில் பட்டன் போட்டு விரித்து, சுருக்கம் நீவி, அக்குளிலிருந்து அக்குள், தோள் தையலிலிருந்து தோள் தையல், காலருக்குக் கீழிருந்து விளிம்பு, தோள் தையலிலிருந்து கஃப் என்று எடுங்கள். சுற்றளவுகளை இரண்டால் பெருக்க மறக்க வேண்டாம். உடுப்பளவை ஏற்கும் தளமானால் இந்த வழியையே தேர்ந்தெடுக்கலாம். ஏற்காவிட்டாலும், உடம்பளவோடு லூஸைக் கூட்டினால் இந்த எண்கள் வருகின்றனவா என்று சரிபார்க்க உதவும்.

புகைப்படத்துக்குப் பிடித்தமான போஸ் கொடுக்காதீர்கள். வழக்கமாக எப்படி நிற்பீர்களோ அப்படி நில்லுங்கள். கூன் விழுந்த முதுகுக்குப் பின்துணி கூடுதல் நீளமாக வேண்டும். இல்லாவிட்டால் காலர் கழுத்தை விட்டுத் தள்ளி நிற்கும். தோள் நேர்கோடாக இருப்பவருக்குக் காலருக்குக் கீழே குறுக்கே ஒரு துணிச் சுருள் விழும். தோள் சரிவானவருக்கு அக்குள் பக்கம் சாய்வாக மடிப்பு இறங்கும். இவை எதையும் டேப் சொல்லாது, படம் சொல்லும்.

துணிக்கு வருவோம். சூப்பர் 100, 120, 150 என்று எண் ஏறுவது கம்பளி இழையின் மென்மையைக் குறிப்பது. இழையின் தடிமன் 100க்கு அதிகபட்சம் 18.75 மைக்ரான் (ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), 120க்கு 17.75, 150க்கு 16.25. எண் ஏறினால் பளபளப்பும் மென்மையும் கூடும், சுருக்கமும் தேய்மானமும் சேர்ந்தே வரும். முதல் சூட்டுக்கு 100 முதல் 120 வரை போதும். சென்னை, மதுரை வெயிலுக்கு எண்ணை விட நெசவும் எடையும் முக்கியம்: ஒரு மீட்டர் நீளத் துணிக்கு 220 முதல் 260 கிராம், காற்றுப் போகிற சாதா நெசவு, பாதி லைனிங். 'வுல் பிளெண்ட்', அதாவது கம்பளிக் கலப்பு என்று மட்டும் போட்டிருந்தால் கம்பளி எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். டி.ஆர். சூட்டிங் எனப்படும் பாலியஸ்டர்-விஸ்கோஸ் துணியில் கம்பளியே இருக்காது; விலை குறைவு, சுருங்காது, ஆனால் மண்டபத்தில் மூன்று மணி நேரம் நின்றால் வேர்த்துக் கொட்டும். லைனிங்கில் பாலியஸ்டரை விட, பருத்திக் கழிவிலிருந்து எடுக்கும் பட்டுபோன்ற குப்ரோ துணி உடம்புக்கு இதம். நிறத்தைத் திரையை நம்பி முடிவுசெய்யாமல் துணித் துண்டு வரவழைத்து, வெயிலில் ஒருமுறை, டியூப்லைட்டில் ஒருமுறை பாருங்கள்.

கோட்டின் முன்பக்கம் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கிற துணி, பசை வைத்து ஒட்டிய பியூசிங்கா, தையலில் நிற்கிற கேன்வாஸா என்றும் கேட்டுவிடுங்கள். பியூசிங் மட்டமானதாக இருந்தால் அதிக வெப்பத்தில் இஸ்திரி போட்டும் டிரை கிளீனிங் கொடுத்தும் நாளடைவில் கொப்புளம் போல எழும்பும். மார்பு வரையாவது கேன்வாஸ் இருந்தால் நல்லது. கோட் வந்ததும் கடைசி காஜாவுக்குக் கீழே துணியின் இரண்டு அடுக்கையும் விரலால் பிரித்துப் பாருங்கள். நடுவே தனியாக நழுவும் மூன்றாவது அடுக்கு தட்டுப்பட்டால் முழுக் கேன்வாஸ். பாதிக் கேன்வாஸில் அந்த இடத்தில் தட்டுப்படாது, மார்பில் மடிந்து நிற்கும் லேப்பலில் தேட வேண்டும்.

கூடுதல் அலங்காரங்களில் ஒன்றை முதல் ஆர்டரில் தவிர்த்தே ஆக வேண்டும்: கஃபில் நிஜமாகத் திறக்கும் பட்டன்கள். காஜா வெட்டிவிட்டால் கை நீளத்தைக் கீழே குறைக்க முடியாது. தோள்பக்கம் பிரித்துத்தான் குறைக்க வேண்டும். பேன்ட்டின் அடியை மடிக்காமல் அனுப்பச் சொல்லிவிடுங்கள். உள்ளூர் டெய்லர் ஷூவோடு நிற்கவைத்து மடித்துத் தந்துவிடுவார்.

கோட் வந்ததும் நடுப்பட்டனைப் போட்டு நின்று பாருங்கள். பட்டனைச் சுற்றி எக்ஸ் போலச் சுருக்கம் இழுத்தால் வயிற்றில் இறுக்கம். கோட்டின் பின்பக்க அடியில் உள்ள பிளவு (வென்ட்) வாய் பிளந்தால் சீட்டில் இறுக்கம். பக்கத் தையலைப் பிடிப்பது எளிது. பிரித்து விடுவது உள்ளே விட்டிருக்கும் துணியைப் பொறுத்தது. பேன்ட் பின் தையலில் பொதுவாக ஒரு இன்ச்சாவது கூடுதல் கிடைக்கும். கோட் நீளத்தில் ஒரு இன்ச்சுக்கு மேல் குறைத்தால் பாக்கெட் விளிம்போடு ஒட்டிக்கொண்டு அசிங்கமாகத் தெரியும். தோளோ கோட் நீளமோ தவறியிருந்தால் ஆல்டரேஷனில் காசைப் போடாமல் திரும்பத் தைத்துத் தரச் சொல்லுங்கள். எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், உள்ளூர் டெய்லர் கூலியைத் திருப்பித் தருவார்களா, அதற்கு ரசீது வேண்டுமா என்பதெல்லாம் பணம் கட்டுமுன் படித்திருக்க வேண்டிய நிபந்தனைகள். எல்லா நிறுவனமும் எல்லாம் தருவதில்லை.

இரண்டு சூட்டுக்குச் சேர்த்து ஆர்டர் கொடுத்தால் தள்ளுபடி என்று பெரும்பாலும் காட்டுவார்கள். முதல் சூட் ஆல்டரேஷன் முடிந்து உடம்பில் உட்காரும்வரை இரண்டாவதைத் தொட வேண்டாம். அது சரியாக உட்கார்ந்தபின், இரண்டாவதற்குப் புதிதாக அளவெடுத்து அனுப்பாமல், திருத்திய கோட்டை மேசையில் விரித்து அளந்து, "இடது கை அரை இன்ச் குறைவு, வயிறு ஒரு இன்ச் கூடுதல்" என்று பழைய ஆர்டர் எண்ணோடு எழுதி அனுப்புங்கள்.