ஆட்டிசம் மரபணு சோதனை பாக்கேஜ்: எதை வாங்கலாம், எதை விடலாம்

சோதனைக்கு நாலு ஸ்டார், அதை விற்ற விதத்துக்கு ஒரு ஸ்டார். லேப் பெயர் வேண்டாம், இதே மாதிரி பாக்கேஜை வேறு இடங்களிலும் விற்கிறார்கள்.

அக்கா பையனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியாச்சு. அது குழந்தையை விளையாட விட்டுப் பார்த்து, பெற்றவர்களிடம் விசாரித்துச் சொல்வது, ரத்தத்தில் தெரிகிற விஷயம் இல்லை. ஆனால் லேப்பின் நோட்டீஸில் 'ஆட்டிசத்தைக் கண்டறியும் சோதனை' என்றே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மரபணு சோதனை சொல்லக்கூடியது வேறு: காரணம் ஏதாவது பிடிபடுகிறதா, கூடவே வலிப்பு மாதிரி எதையாவது கவனிக்க வேண்டுமா, அடுத்த குழந்தைக்கும் வர எவ்வளவு வாய்ப்பு.

டாக்டர் எழுதிக் கொடுத்தது இரண்டுதான். முதலாவது குரோமோசோம் மைக்ரோஅரே. குரோமோசோம்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பழைய கேரியோடைப் சோதனையில் சிக்காத சின்னச் சின்ன விடுபடல்கள், இரட்டிப்புகள் இதில் தெரியும். 16-வது குரோமோசோமில் சுமார் 6 லட்சம் எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு காணாமல் போவது ஆட்டிசத்தோடு அடிக்கடி பேசப்படுவது, அதையும் இது பிடித்துவிடும். ஆனாலும் ஆட்டிசக் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் இதில் விடை கிடைக்கும், அதைத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள். இரண்டாவது, அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் ஃபிராஜைல் எக்ஸ் என்ற பரம்பரைக் குறைபாட்டுக்கான சோதனை. எஃப்எம்ஆர்1 மரபணுவில் சிஜிஜி என்ற மூன்றெழுத்து 200 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் குறைபாடு. கவுன்ட்டரில் இருந்தவர் "அரேயிலயே எல்லாம் வந்துடும் சார்" என்றார். வராது, அதற்குத் தனி சோதனைதான்.

ரிப்போர்ட் சொன்ன தேதி தாண்டி வந்தது. ஒரு சிறு இரட்டிப்பு இருக்கிறது, 'முக்கியத்துவம் உறுதியாகவில்லை' என்று ஒரே வரி, அதாவது அதனால் பாதிப்பு உண்டா இல்லையா என்று இப்போதைக்குத் தெரியாது. அதைப் படித்துவிட்டு அக்கா கூகுளில் தேடிப் பாதி உயிர் போய்விட்டாள். இங்கேதான் மரபணு ஆலோசகர் வந்தார், இந்த நாலு ஸ்டாரில் மூன்று அவருக்கே. பெற்றவர்கள் இருவரின் ரத்தத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தார், அத்தானுக்கும் அதே இரட்டிப்பு (எங்கள் குடும்பத்திலேயே அதிகம் பேசுகிற ஆள் அவர்). குறை இல்லாத அப்பாவிடமிருந்து வந்திருப்பதால் இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு, அதற்காக முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது, சில வருஷம் கழித்து ரிப்போர்ட்டை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள் என்று நிதானமாக விளக்கினார்.

அப்புறம் பாக்கேஜில் சேர்த்திருந்த அந்த 'பிரெய்ன் மேப்பிங்'. தலையில் தொப்பி மாட்டி, கலர் கலராகப் படம் போட்டு, தீட்டா, பீட்டா என்ற மூளை அலைகளின் விகிதத்தை வைத்து ஏடிஎச்டி (கவனக் குறைவு, அதீத துறுதுறுப்பு) இருக்கிறதா என்று சொல்வார்களாம். 2013-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இப்படி ஒரு கருவிக்கு அனுமதி கொடுத்தது உண்மைதான், அதுவும் டாக்டரின் மதிப்பீட்டுக்குத் துணையாக மட்டும். 2016-ல் அங்கத்திய நரம்பியல் அகாடமி, நோயை உறுதிசெய்ய இதை நம்பாதீர்கள் என்றே சொல்லிவிட்டது. வலிப்பு சந்தேகம் இருந்தால் எடுக்கும் சாதாரண ஈஈஜி (மூளையின் மின் அலைப் பதிவு) வேறு கதை, அதை டாக்டர் சொன்னால் எடுக்கத்தான் வேண்டும். பாக்கேஜில் எம்டிஎச்எஃப்ஆர் என்ற மரபணுவுக்கான சோதனை ஒன்றும் உண்டு. ஊரில் ஏகப்பட்ட பேருக்கு இருக்கிற மாறுபாடு அது. இருக்கிறது என்று சொல்லிவிட்டு விட்டமின் மாத்திரையை நீட்டுவார்கள். பிரெய்ன் மேப்பிங், இது, இரண்டையும் நாங்கள் எடுக்கவில்லை.

பணம் கட்டுவதற்கு முன்னாலேயே, ரிப்போர்ட் வந்த பிறகு ஆலோசகரிடம் பேசுவது இந்தத் தொகையில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் அதற்குத் தனியாகக் கட்டச் சொன்னார்கள், சத்தம் போட்ட பிறகுதான் விட்டார்கள்.