பிளெயின் ரோட்டரா, ஓட்டை போட்ட ரோட்டரா?

சாலையில் மட்டும் ஓடும் பெர்ஃபாமன்ஸ் காருக்குக் குறைந்த விலையில் பிரேக் ரோட்டர் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) மாற்றுவதென்றால், நான் ஓட்டையில்லாத பிளெயின் ரோட்டரைத்தான் சொல்வேன். ஓட்டை போட்டது பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. பழைய காலத்துப் பேடுகள் (ரோட்டரை இறுக்கிப் பிடிக்கும் கட்டைகள்) சூடேறினால் வாயு கக்கும். அது வெளியேறத்தான் அந்த ஓட்டைகள் வந்தன. இன்றைய பேடுகளில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. ஓட்டை போட்டால் இரும்பு குறைகிறது, வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் திறனும் கூடவே குறைகிறது. மலிவான ரோட்டரில் விரிசல் பெரும்பாலும் ஓட்டையின் விளிம்பில்தான் தொடங்கும். மழையில் ஈரம் சீக்கிரம் விலகும் என்பது மட்டும் அதன் பக்கம் உள்ள நியாயம்.

பிளெயினில் மிச்சமாகும் பணத்தை நல்ல பேடுக்கும் புது பிரேக் ஆயிலுக்கும் போடுங்கள். அப்புறம், மாட்டும் முன் ஹப்பில் (ரோட்டர் உட்காரும் பகுதி) உள்ள துருவைச் சுரண்டி எடுங்கள். விட்டால் புது ரோட்டரிலும் பெடல் அதிரும்.