‘கரெட்’ என்று விற்கப்படும் தகர வேகன்: எழுத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

பழைய பொம்மை ரயில் சேர்ப்பவர்களுக்கு இந்தப் பதிவு. கரெட் என்பது ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் இருந்த பொம்மை ரயில் தொழிற்சாலை. இங்கிலாந்தில் இணைய ஏலத்தில் கடை விரித்திருக்கும் ஒருவரிடம் 280 பவுண்டுக்கு ஒரு வேகன் வாங்கினேன். “நூரம்பர்க் கரெட் தயாரிப்பு, சுமார் 1911, மிட்லண்ட் ரயில்வே மூடிய சரக்கு வேகன், ஓ கேஜ், அரிய வகை” என்று எழுதியிருந்தார் (ஓ கேஜ் என்பது பொம்மைத் தண்டவாள அகலத்தின் ஓர் அளவு). வந்தது கரெட் வேகன் அல்ல. கரெட் என்று நம்பவைப்பதற்காக யாரோ கைவைத்த வேகன்.

இந்த ஏமாற்று நடப்பதற்கு வரலாறே இடம் தருகிறது. நார்தாம்ப்டனில் 1899இல் தொடங்கிய பாசெட்-லோக் நிறுவனம், பிங், கரெட் ஆகிய நூரம்பர்க் தொழிற்சாலைகளில் செய்வித்த ரயில்களைத் தன் பெயரில் விற்றது. பல வேகன்களில் செய்தவர் முத்திரையே இராது. கரெட் நிறுவனத்தின் உரிமையாளர் ஜார்ஜ் கரெட் பிரெஞ்சுக்காரர். முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மனியில் அவரால் இருக்க முடியவில்லை. 1917இல் அவருடைய நிறுவனம் மூடப்பட்டது. ஆனால் வேகனுக்காகத் தகரத்தை வெட்டி வடிவமைக்கும் அவருடைய அச்சுகள் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்து, அதே உருவத்தில் வேகன்கள் தொடர்ந்து வெளிவந்தன. ஆகவே “பழைய விலைப்பட்டியல் படத்தோடு அப்படியே பொருந்துகிறது பாருங்கள்” என்பது ஒரு சான்றே அல்ல. விற்றவர் காட்டிய ஒரே சான்று அதுதான்.

வேகனை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோதே உறுத்தியது. லித்தோ, அதாவது வண்ணமும் எழுத்தும் அச்சிட்ட தகரத்தின் வார்னிஷ் மினுமினுப்பு பக்கம் முழுவதும் ஒரே சீராக இருக்க வேண்டும். கதவுக்கு இடப்புறம் மட்டும் உள்ளங்கை அகலத்தில் பாதி அளவு ஓர் இடம் மங்கலாக இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மிட்லண்ட் ரயில்வேயைக் குறிக்கும் ‘எம்’, ‘ஆர்’ எழுத்துகளில், நடுவிலுள்ள ‘எம்’ தகரத்தில் அச்சடித்தது. விளிம்பு கத்தி வெட்டியதுபோல் இருந்தது. வலப்புற ‘ஆர்’ தூரிகை வேலை. மயிர் இழுத்த தடம்கூடத் தெரிந்தது. மங்கலான இடத்தில் ஒரு கீறலுக்கு அடியில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்த்தது. அது ‘எல்’ எழுத்தின் கால்.

அதாவது இது எல்.எம்.எஸ். (லண்டன், மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வே) வேகன். ‘எல்’லை மறைத்து, ‘எஸ்’ஸின் மேல் ‘ஆர்’ வரைந்திருக்கிறார்கள். இரண்டு ரயில்வேக்களின் சரக்கு வேகன்களும் சாம்பல் நிறம் என்பது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. எல்.எம்.எஸ். ரயில்வே பிறந்ததே 1923 ஜனவரி முதல் தேதி. லித்தோவில் எழுத்தைத் தட்டைத் தகரத்தில் அச்சிட்ட பிறகுதான் வெட்டி மடிப்பார்கள். 1917இல் மூடிய தொழிற்சாலை எப்படி அந்த எழுத்தை அச்சிட்டிருக்க முடியும்?

விற்றவரிடம் படங்களோடு கேட்டேன். “கரெட் பாணி என்றுதான் எழுதியிருந்தேன்” என்றார். போய்ப் பார்த்தால், விளக்கத்தில் ‘பாணி’ என்ற சொல் புதிதாக முளைத்திருந்தது. நல்லவேளை, பழைய பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்தேன். அடுத்து, தான் வியாபாரியே அல்ல, வீட்டுப் பொருளை விற்கும் தனிநபர் என்றார். வியாபாரி இணையத்தில் விற்றதைக் கையில் கிடைத்த 14 நாளுக்குள் வேண்டாமென்று சொல்லித் திருப்பலாம் என்ற பிரிட்டன் விதி தனிநபருக்குப் பொருந்தாது. அதற்காகத்தான் இந்த வேடம். வாரந்தோறும் பக்கம் பக்கமாக வேகன் விற்பவருக்கு எத்தனை பெரிய பரண் இருக்கும் என்று தெரியவில்லை.

கடன் அட்டையில் செலுத்தியதால் அட்டை நிறுவனத்திடம் முறையிட்டிருக்கிறேன். 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்கு 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவு கைகொடுக்கும். அதற்கும் விற்றவர் வியாபாரி என்று காட்ட வேண்டும் என்பதால் அவருடைய விற்பனைப் பக்கங்களையும் சேர்த்து அனுப்பினேன்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், எழுத்துகளை மிக அருகில், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். அடிப்பக்கப் படத்தை அவர் தாமாகவே அனுப்புவார், அது போதாது. மறுத்தால் விட்டுவிடுங்கள். அவர் இப்போது ‘கரெட், போருக்கு முந்தையது’ என்று இன்னொரு வேகனை ஏலத்தில் வைத்திருக்கிறார், எழுத்துள்ள பக்கத்தின் படம் இல்லாமல்.