எவ்ரிதிங்: என் கணினியில் இருக்கட்டும், வீட்டுக் கணினியில் வேண்டாம்

நண்பர் ஒருவர் வீட்டுக் கணினியின் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டிருக்கிறார். விண்டோஸ் புதிதாக ஏற்றியாகிவிட்டது. "இனி என்னென்ன மென்பொருள் போடலாம், நீங்கள் எதையெல்லாம் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். பட்டியல் யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள். பல வருடமாக நான் தினமும் தொடுகிற ஒன்றைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மற்றவற்றைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஒன்று எவ்ரிதிங். கோப்புகளைப் பெயர் வைத்துத் தேடித் தரும் சின்ன மென்பொருள். டேவிட் கார்ப்பென்டர் எழுதியது. இலவசம், விளம்பரம் கிடையாது. திறந்தால் மேலே ஒரு பெட்டி, கீழே கணினியில் இருக்கும் கோப்புகள் மொத்தமும். தட்டத் தட்டப் பட்டியல் குறைந்துகொண்டே வரும். என்டர் கூட அழுத்த வேண்டாம். "ரசீ" என்று தட்டும்போதே ரசீதுகள் எல்லாம் வந்து நிற்கும், அப்படியே ஒரு இடைவெளி விட்டு வருடத்தைத் தட்டினால் அந்த வருடத்து ரசீதுகள் மட்டும் மிஞ்சும். சுற்றிக்கொண்டிருக்கும் வட்டத்தைப் பார்த்துக் காத்திருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு மதிப்பு இன்னும் கூடியது. வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்க விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறை 1993-லிருந்து இருக்கிறது. அதில் ஒவ்வொரு வட்டிலும் மாஸ்டர் ஃபைல் டேபிள் என்று ஓர் அட்டவணை உண்டு. கோப்பு ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பதிவு, பொதுவாக 1 கேபி அளவில். பெயர், எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எப்போது மாறியது எல்லாம் அங்கேயே இருக்கும். சாதாரணத் தேடல் ஒவ்வொரு அறையாகக் கதவைத் தட்டி விசாரித்துக்கொண்டு போகும். எவ்ரிதிங் வாசலில் இருக்கும் பதிவேட்டை எடுத்து ஒரே மூச்சில் படித்துவிடுகிறது. அதற்குப் பிறகு என்ன மாறினாலும், என்டிஎஃப்எஸ் தானே எழுதிவைக்கும் மாற்றக் குறிப்பேட்டைப் பார்த்துத் தன் பட்டியலைத் திருத்திக்கொள்ளும். பத்து லட்சம் கோப்புகள் இருந்தாலும் முதல் முறை பட்டியல் போட ஒரு நிமிடம் போல, ராமில் சுமார் 75 எம்பி என்று அதன் தளத்திலேயே கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தாலே இதைவிடக் கூடப் பிடிக்கும்.

பெயரே ஞாபகம் இல்லாத நேரத்தில்தான் எனக்கு இது அதிகம் உதவுகிறது. எதையோ இறக்கினேன், எங்கே சேமித்தது, என்ன பெயர், ஒன்றும் தெரியாது. இன்று மாறிய கோப்புகளை மட்டும் காட்டு என்று ஒரு சின்னக் கட்டளை, அப்புறம் தேதி வரிசை. முதல் நாலைந்து வரிக்குள் அது இருக்கும். வட்டு நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்தால் அளவு வாரியாக அடுக்கிப் பார்ப்பேன். என்றோ எடுத்து மறந்துபோன பெரிய வீடியோக்கள் தலையில் வந்து நிற்கும். ஒரே பெயரில் இரண்டு மூன்று இடத்தில் கிடக்கும் நகல்களையும் தனியாகப் பிரித்துக் காட்டும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு விஷயம். தமிழ்ப் பெயர்களைத் தேடுவதில் எவ்ரிதிங்குக்குத் தடை இல்லை, அப்படியே தட்டலாம். ஆனால் நாம் எழுதும் விதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. "பௌர்ணமி" என்ற ஃபோல்டரைத் தேடுகிறேன், வரவில்லை. இருப்பது உறுதியாகத் தெரியும், கண்ணெதிரே கிடக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் பெயர் வைத்தவர் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் ளகரமும் போட்டு "பெளர்ணமி" என்று தட்டியிருக்கிறார். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு வேறு எழுத்து, எந்தத் தேடலாக இருந்தாலும் விட்டுவிடும். மௌனம், கௌரவம், பௌதிகம் எல்லாவற்றிலும் இதே கதைதான். "ஸ்ரீ"யும் இப்படித்தான்: முதல் எழுத்து ஸகரமா, கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் 2005-இல் சேர்ந்த ஶகரமா என்பது திரையில் பெரும்பாலும் தெரியவே தெரியாது. இதற்கு நான் கண்ட வழி, சிக்கலான எழுத்தை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் தட்டுவது. "ர்ணமி" என்று போட்டால் இரண்டு விதமாக எழுதியதும் வந்துவிடும். பெயரின் எந்தத் துண்டைக் கொடுத்தாலும் எவ்ரிதிங் பிடித்துக்கொள்கிறது என்பது தமிழுக்குப் பெரிய வசதி.

கோப்புக்குள் இருக்கும் எழுத்தைத் தேட இது சரிப்படாது. கட்டளை உண்டு, ஆனால் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து படிக்க வேண்டியிருப்பதால் அந்த வேகம் போய்விடும். பென் டிரைவில் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 என்ற வேறு கோப்பு முறை இருக்கும், அங்கே அந்த அட்டவணையும் இல்லை. அதன் ஃபோல்டரை எவ்ரிதிங்கில் தனியாகச் சேர்த்துவிட வேண்டும். பரவாயில்லை, இரண்டையும் நான் பொருட்படுத்தியதில்லை.

மற்றவை. படம், பாட்டுக்கு வி.எல்.சி, இதற்கு விளக்கம் தேவையில்லை. குறிப்பு எழுத நோட்பேட் பிளஸ் பிளஸ்: சேமிக்காமல் மூடினாலும் அடுத்த முறை திறக்கும்போது எழுதியது அப்படியே இருக்கும், அந்த ஒன்றுக்காகவே வைத்திருக்கிறேன். பிடிஎஃப் படிக்கச் சுமத்ரா. இதற்கு முன் நான் வைத்திருந்த வேறொரு பிடிஎஃப் மென்பொருளை நினைத்தாலே கோபம் வருகிறது. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் டெஸ்க்டாப்பில் தன் ஐகானை மறுபடி கொண்டுவந்து வைக்கும், நான் அழிப்பேன். பிடிஎஃப் என்றால் என்னைத்தான் திறக்க வேண்டும் என்று கேட்கும், வேண்டாம் என்பேன், மறுவாரம் திரும்பவும் கேட்கும். என் கணினியில் எது எதைத் திறக்க வேண்டும் என்று நான் ஒரு முறை சொன்னால் போதாதா? சுமத்ரா இப்படி எதுவும் செய்யாது. திறக்கும், காட்டும், மூடினால் போய்விடும். மின்னூல் வகைகளையும் திறக்கும். படிவம் நிரப்ப வேண்டி வந்தால் உலாவியிலேயே திறந்துகொள்ளலாம்.

கோப்புகளைச் சுருக்கவும் விரிக்கவும் செவன்-ஸிப். இகோர் பாவ்லோவ் 1999-இல் தொடங்கியது. தோற்றம் அந்தக் காலத்திலேயே நிற்கிறது, எனக்கு அது போதும். ஆனால் இது தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ளாது, அதை மறக்கக் கூடாது. இணையத்திலிருந்து இறக்கிய கோப்புக்கு விண்டோஸ் ஒரு அடையாளம் போட்டுவைக்கும். திறக்கும்போது எச்சரிக்கை வருவது அதனால்தான். சுருக்கிய கோப்புக்குள் இன்னொரு சுருக்கிய கோப்பை வைத்து அனுப்பினால், விரித்ததும் அந்த அடையாளம் தொலைந்துபோகும் ஓட்டை ஒன்று இருந்தது. 2024 நவம்பரில் வந்த 24.09 பதிப்பில்தான் அதை அடைத்தார்கள். அதற்கு முந்தைய பதிப்பு இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

சரி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அவருடையது குடும்பத்துக் கணினி. அவருக்கு ஒரு கணக்கு, மனைவிக்கு ஒன்று, படிக்கிற பிள்ளைகளுக்குத் தனித்தனியாக. அங்கேதான் எவ்ரிதிங்கின் பலமே எனக்கு உறுத்துகிறது. அந்த அட்டவணையைப் படிக்க நிர்வாகி உரிமை வேண்டும். ஒவ்வொரு முறையும் அனுமதிப் பெட்டி வராமல் இருக்க, அதைப் பின்னணியில் ஓடும் சேவையாக நிறுவிக்கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நிறுவுகிறார்கள், நானும் அப்படித்தான். ஆனால் சேவையாக ஓடும்போது சாதாரணக் கணக்கில் நுழைந்தவருக்கும் வட்டில் உள்ள எல்லாக் கோப்புகளின் பெயரும் தெரியும், மற்றவர் கணக்குக்குள் இருப்பது உட்பட. திறந்து படிக்க முடியாது, விண்டோஸ் விடாது. பெயர் மட்டும்தான் தெரியும்.

பெயர் மட்டும்தானே என்று சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடு கிடையாது. "ராஜினாமா கடிதம்", "ஸ்கேன் ரிப்போர்ட்", "கடன் பாக்கி". இவற்றைத் திறந்து பார்க்க வேண்டுமா என்ன? ஒரு வீட்டில் ஒருவர் இன்னும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் இன்னொருவரின் தேடல் பட்டியலில் வந்து நிற்கக் கூடாது. பதினைந்து வயதுப் பிள்ளை தன் கணக்குக்குக் கடவுச்சொல் வைத்திருக்கிறது என்றால், உள்ளே இருப்பது தன்னுடையது என்று நம்பித்தான் வைத்திருக்கிறது. அந்த நம்பிக்கையைவிட நம் தேடல் வேகம் பெரிதில்லை. இது குறைபாடும் இல்லை, ஏமாற்றும் இல்லை. பதிவேட்டை நேரடியாகப் படிக்கும் எந்தக் கருவிக்கும் இதுதான் இயல்பு. ஆனால் நிறுவுகிறவர் தெரிந்துகொண்டு நிறுவ வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. சேவையைப் போடாமல், வட்டு முழுவதையும் சேர்க்காமல், அவரவர் ஃபோல்டரை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். அப்போது உரிமை உள்ளது மட்டும்தான் தெரியும். ஆனால் அட்டவணையைப் படிப்பதற்குப் பதில் ஃபோல்டர் ஃபோல்டராகப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும், நான் இவ்வளவு நேரம் புகழ்ந்தது அதை அல்ல. அமைப்புகளுக்குள் போய் இதையெல்லாம் சரியாக மாற்றிவைத்து, அடுத்து யாராவது நிர்வாகியாக நுழைந்து திரும்ப மாற்றாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலைக்குப் போய்வந்து அசதியாக உட்காரும் ஒருவரிடம் இதைப் பொறுப்பாகக் கொடுக்க எனக்கு மனமில்லை.

என் லேப்டாப்பை நான் மட்டும் பயன்படுத்துகிறேன். நாளைக்கே புது வட்டு போட்டாலும் முதலில் ஏற்றுவது எவ்ரிதிங்தான். நண்பரின் வீட்டுக் கணினிக்கு வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன். அங்கே செவன்-ஸிப், சுமத்ரா, வி.எல்.சி, நோட்பேட் பிளஸ் பிளஸ் நான்கும் போதும். எவ்ரிதிங் வேண்டுமென்றால் அவர் மட்டும் தொடுகிற ஒரு கணினியில் போட்டுக்கொள்ளட்டும்.