செல்போனில் செருகும் ஸ்கேன்: ராத்திரி டூட்டியில் எட்டு மாதம்

மன்னார்குடிப் பக்கம் 20 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி டாக்டர் நான். செல்போனில் செருகி, உடம்பில் வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் புரோப் ஒன்று எட்டு மாதமாக எங்களிடம் இருக்கிறது. இதயம் நின்றுபோய் வருகிறவர்களுக்கு இது உதவுமா என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி.

முதல் தடவை நான் கெடுத்தேன். நாடி பார்ப்பதற்காக நெஞ்சு அழுத்துவதை 10 நொடிக்கு மேல் நிறுத்தக் கூடாது. நானோ படம் தெளியட்டும் என்று புரோப்பைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன். "டாக்டர், போதும், கை வைக்கட்டுமா?" என்று சிஸ்டர் கத்திய பிறகுதான் உறைத்தது. 2017-இல் வந்த ஓர் ஆய்வில் ஸ்கேன் இல்லாதபோது அந்த இடைவெளி 13 நொடி, ஸ்கேன் பார்த்தபோது 21. என்னைப் போல நிறையப் பேர் போலிருக்கிறது.

இப்போது அழுத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்செலும்பு முடியும் இடத்துக்குக் கீழே புரோப்பை வைத்து இடம் பிடித்துவிடுவேன். நிறுத்தியதும் வீடியோ பதிவு மட்டும். சிஸ்டர் சத்தமாக எண்ணுவார்; எட்டு வந்தால், படம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கை நெஞ்சுக்குப் போய்விடும். பதிவானதை அப்புறம் பார்ப்போம்.

தை மாதம் டயாலிசிஸில் இருந்த ஒரு பெரியவர். மானிட்டரில் இதயத் துடிப்பின் அலை ஓடுகிறது, ஆனால் கழுத்தில் நாடி இல்லை. வீடியோவில் இதயத்தைச் சுற்றிக் கறுப்பாக நீர். ஊசியால் உறிஞ்சினோம், நாடி திரும்பியது. தஞ்சாவூருக்கு ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டுத்தான் டீ குடித்தேன். இந்தப் புரோப் இல்லையென்றால் அதை நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

வலது பக்க இதயம் பெருத்துத் தெரிந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்தாலும் அப்படித் தெரியும். வேறு காரணத்தால் இதயம் நின்றாலும் சற்று நேரத்தில் அப்படித்தான் ஆகும். கால் வீக்கம், அண்மையில் அறுவை சிகிச்சை என்று ஏதாவது துப்பு இருந்தால்தான் கட்டி கரைக்கும் மருந்தை யோசிப்பேன்.

கருவியின் குறை சூடு. சித்திரை வெயிலில் கரன்ட் போன ராத்திரி, அரை மணி நேரத்தில் தானே அணைந்துவிட்டது. வாங்குகிறவர்கள் பிஎன்டிடி (கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம்) பதிவை முதலில் முடித்துவிடுங்கள். கையளவுதானே என்று பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாது. ஜெல் பாட்டிலைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், கூட வருவது ஒரு வாரத்துக்குக்கூடக் காணாது.