‘தட்டு’ ஆல்பம்: சாப்பாட்டைப் படம் எடுத்துக் கணக்கு வைத்த 21 மாதங்கள்

டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான். "நேத்து காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்க?" மூணு இட்லி, மத்தியானம் கொஞ்சம் சோறு, ராத்திரி ரெண்டு தோசை என்று சொன்னேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பதினோரு மணிக்கு ஆபீஸில் டீ, கூட ஒரு உளுந்த வடை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இன்னொரு டீ, சர்க்கரை ரெண்டு ஸ்பூன். சின்னவன் தட்டில் விட்டுப்போன அரைத் தோசை. பாத்திரம் கழுவுமுன் சட்டி ஓரத்தில் ஒட்டியிருந்த கேசரி. பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. கேட்ட நேரத்தில் அதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கில் வரும் என்றே தோன்றவில்லை.

இது 2023 செப்டம்பரில். மூன்று மாதச் சர்க்கரை என்று சொல்வார்களே, அந்த எச்பிஏ1சி எனக்கு 6.2 வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் நோய். அதே வருடம் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் சர்க்கரை நோய் ஆய்வு, இந்த நடுப்படியில் நிற்பவர்கள் இந்தியாவில் 13.6 கோடிப் பேர் என்று கணக்குச் சொன்னது. துணைக்கு ஆள் இருக்கிறது என்று தேற்றிக்கொண்டேன். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், நடங்க, சாப்பாட்டைக் கவனிங்க, முடிஞ்சா வாயில போடுறதையெல்லாம் போன்ல படம் எடுத்து வைங்க என்றார் டாக்டர். அந்தக் கடைசி யோசனையை 21 மாதமாகச் செய்துவருகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவள் நான். பதிவு வைப்பது கைவந்த வேலை. அப்படியிருந்தும் பதிவு எதற்கு உதவும் என்று புரிய ஐந்து மாதம் ஆனது.

முதல் மூன்று மாதம் செயலியை நம்பினேன். பெயர் வேண்டாம், இரண்டு மூன்றை மாற்றிப் பார்த்தேன், எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான். தட்டைப் படம் பிடித்தால் என்ன உணவு, எத்தனை கலோரி என்று தானாகச் சொல்லிவிடும் என்பது விளம்பரம். இட்லி, தோசை, வடையை நன்றாகவே கண்டுபிடித்தது. அவற்றுக்கு உருவம் இருக்கிறது, எண்ணவும் முடியும். தயிர்ச் சோறு ஓட்ஸ் கஞ்சி ஆனது. சொதி காய்கறி சூப் ஆனது. கருப்பட்டி போட்டுக் கிண்டிய உளுந்தங்களியைச் சாக்லேட் கேக் என்றது. அத்தையிடம் காட்டினேன். "அப்ப நான் முட்ட போட்டுருக்கேன்னு சொல்லுதாக்கும்" என்றார். எங்கள் வீடு சைவம்.

இந்தச் செயலிகள் பாடம் படித்த விதம் அப்படி. உணவுப் படத்தை அடையாளம் காணும் ஆராய்ச்சியில் பெரிதும் புழங்கியது ஃபுட்-101 என்ற தொகுப்பு. சுவிட்சர்லாந்தின் இடிஎச் சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்டது. 101 உணவு வகை, ஒவ்வொன்றுக்கும் 1000 படம். அதில் சமோசா இருக்கிறது. இட்லி இல்லை, தோசை இல்லை. பிறகு நம் ஊர்ச் சாப்பாட்டுக்கும் படத்தொகுப்புகள் வந்தன, இட்லிக்கு விடிந்தது. குழம்புக்கு இன்னும் விடியவில்லை. புளிக்குழம்பு, காரக்குழம்பு, வத்தக்குழம்பு எல்லாம் கேமராவுக்கு ஒரே பழுப்பு.

பெயரைத் தப்பாகச் சொன்னால்கூடத் திருத்திவிடலாம். எண்ணெயை என்ன செய்ய? ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, புரதத்திலும் 4, கொழுப்பில் 9. ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் என்றால் 120 கலோரிக்குக் குறையாது. உளுந்தங்களி எவ்வளவு நல்லெண்ணெய் குடித்தது என்று கிண்டிய கைக்குத்தான் தெரியும், படத்தில் வெறும் பளபளப்பு. துவையலுக்குள் எத்தனை தேங்காய்ச் சில்லு, டீக்குள் எத்தனை சர்க்கரை, சோற்று மேட்டின் மேல் குழம்பு ஊற்றியபின் அடியில் எவ்வளவு சோறு, ஒன்றும் தெரியாது. இவ்வளவு தெரியாமல் இருந்துகொண்டு "412 கலோரி" என்று கடைசி இலக்கம் வரை சொன்னதுதான் எனக்கு எரிச்சல். பழைய பேப்பர்க்காரர் தராசுகூட அவ்வளவு தைரியமாகப் பேசாது.

டிசம்பரில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். 6.1. செயலியை அழித்தேன்.

படம் எடுப்பதை மட்டும் விடவில்லை. போனில் ‘தட்டு’ என்று ஒரு ஆல்பம் போட்டேன். கலோரி கிடையாது, பெயர் எழுதுவது கிடையாது, படம் மட்டும். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துப் பென்னிங்டன் ஆய்வு மையம் உருவாக்கிய ஒரு முறையைப் பற்றி அந்தச் சமயத்தில் படித்தேன். சாப்பிடுமுன் ஒரு படம், முடித்தபின் மிச்சத்தோடு ஒரு படம், பக்கத்தில் அளவு தெரிய ஒரு அட்டை. இரண்டையும் ஒப்பிட்டு, உள்ளே போனது எவ்வளவு என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் தட்டில் மிச்சம் வைத்தால் திட்டு விழும், மறுசோறுதான் உண்டு. அதனால் மிச்சத்துக்குப் பதில், மறுபடி போடும் ஒவ்வொரு தடவையும் ஒரு படம் என்று மாற்றிக்கொண்டேன். அட்டைக்குப் பதில் எப்போதும் ஒரே தட்டு. கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் தட்டு, விளிம்பை ஒட்டி அம்மா பெயர் வெட்டியிருக்கும். அந்த எழுத்து மறைந்தால் சோறு கூடிவிட்டது என்று அர்த்தம். இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை டிஜிட்டல் தராசை வைத்து எங்கள் சோத்துக் கரண்டியை நிறுத்தேன். ஒரு கரண்டிக்கு 110 கிராம் சோறு. ‘கொஞ்சம் சோறு’ என்று டாக்டரிடம் சொன்னது மூன்று கரண்டி. ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று சேர்த்தால் ஐந்து. அரைக் கிலோவைத் தாண்டுகிறது. ஒரு தடவை நிறுத்துவிட்டால் போதும், பிறகு படத்தைப் பார்த்தே கரண்டி சொல்லிவிடலாம். எடுக்கும்போது நேர் மேலிருந்து எடுக்காதீர்கள். கொஞ்சம் சாய்வாக எடுத்தால்தான் மேட்டின் உயரம் தெரியும், எண்ணெய் மினுக்கும் தெரியும். ஆவி பறக்கும் சாப்பாடானால் லென்ஸைத் துடைத்துவிட்டு எடுங்கள்.

ஏமாற்றினேனா? ஆமாம். ஆபீஸ் டீயின் படம் வரிசையாக இருக்கும். வடை தின்ற நாள்களில் டம்ளரை மட்டும் நெருக்கமாக எடுத்திருப்பேன், வடை படத்துக்கு வெளியே. யாருக்கும் காட்டப்போவதில்லை என்று தெரிந்த ஆல்பத்தில் எதற்கு இந்த மறைப்பு என்று எனக்கே விளங்கவில்லை. ஆனால் நெருக்கமாக எடுத்த டம்ளரைப் பார்த்தாலே அன்றைக்கு வடை என்று இப்போது கண்டுபிடித்துவிடுவேன். இதில் ஒன்றும் வீண்போகவில்லை.

2024 ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிறு சாயங்காலம், ஐந்து மாதப் படங்களையும் சின்னச் சின்னக் கட்டங்களாக ஆக்கி விரலால் தள்ளிக்கொண்டே போனேன். ஒவ்வொரு படமாகப் பார்க்கும்போது கண்ணில் படாதது அப்போது பட்டது. தட்டுகள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. சோறு, அதன் மேல் பழுப்போ மஞ்சளோ, ஓரத்தில் அப்பளத் துண்டு. பச்சை இல்லை.

காய் சமைக்காத வீடு இல்லை இது. தினமும் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து நறுக்குகிறவளே நான்தான். படத்தின் மேல் தட்டினால் நேரம் வருமே, பார்த்தேன். விடுமுறை நாள் சாப்பாடு 2:50, 3:10, 2:45. ராத்திரி 10:15. வேலை நாளில் டப்பா கட்டும்போது என் டப்பா கடைசி. 2023 தீபாவளி, நவம்பர் 12, மணி 3:20: சொதிச் சட்டியின் அடியில் தங்கியது, இஞ்சித் துவையல், சோறு. அன்றைக்கு அவியல் வைத்திருந்தேன், உருளைக்கிழங்கு வறுத்திருந்தேன், பீன்ஸ் பொரியல் செய்திருந்தேன். ஒன்றும் என் தட்டில் இல்லை. கடைசியில் உட்காருகிறவளுக்கு எது மிஞ்சுமோ அதுதான் தட்டுக்கு வரும். எங்கள் வீட்டில் எப்போதும் மிஞ்சுவது சோறும் குழம்பும்.

செயலியும் "காய்கறி குறைவு, கூட்டுங்கள்" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஏன் குறைவு என்று அதற்குத் தெரியாது, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்குக் காய்கறி 400 கிராம், தானியம் 250 கிராம் என்று இருக்கிறது. ஐந்து பேருக்கு நான் நறுக்கிய முட்டைக்கோஸ் மொத்தமே அரைக் கிலோ. சமமாகப் பிரித்தால்கூட ஆளுக்கு 100 கிராம். என் பங்கு ஒரு ஸ்பூன் தேறினால் பெரிது.

இரண்டு மாற்றம் செய்தேன். காயை ஒரு கிலோ ஆக்கினேன். பந்தி தொடங்குமுன் எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து மூடிவைத்தேன். முதலாவதற்குக் காசு செலவு, அவ்வளவுதான். இரண்டாவதைச் செய்ய எனக்குப் பத்து நாள் ஆனது. பிள்ளைகள் இன்னும் சாப்பிடவில்லை, அதற்குள் தனக்கு எடுத்து மூடிவைப்பதா என்று கை கூசியது. சின்ன வயதில் பார்த்து வளர்ந்தது அப்படி. வீட்டுக்காரர் ஒரு நாள் கிண்ணத்தைத் திறந்து பார்த்துவிட்டு "இது யாருக்கு?" என்றார். போனை எடுத்து அந்த வெள்ளைக் கட்டங்களைக் காட்டினேன். "இவ்வளவு நாளா உனக்கு இருந்ததே இல்லியா?" என்றார். பதினாறு வருடத்தில் அவரும் கவனித்ததில்லை, நானும் சொன்னதில்லை. வாயால் சொல்லியிருந்தால் அன்றைக்குச் சண்டையில் முடிந்திருக்கும்.

வெளியிடத்தில் படம் எடுப்பது பற்றிக் கேட்பவர்களுக்கு: கல்யாணப் பந்தியில் இரண்டு தடவை முயன்றேன். பின்னால் அடுத்த பந்திக்கு ஆள் நிற்கிறது, சாம்பார் வாளியோடு வந்த பையன் "அக்கா, வீடியோவா?" என்று கேட்டுத் தலையைச் சரிசெய்துகொண்டான். அதோடு விட்டேன். பதினாறாம் நாள் வீட்டுச் சாப்பாட்டில் போனைப் பையிலிருந்து எடுக்கவே மனம் வரவில்லை. ஆரம்பத்தில் அத்தையும் "ஏளா, சோத்தப் போயி போட்டா புடிக்க? கண்ணு பட்டுரும்" என்று சத்தம்போடுவார். பிறகு பழகிவிட்டது.

விளையாட்டாகச் சொல்ல முடியாத ஒன்று உண்டு. மகள் ஒன்பதாம் வகுப்பு. என்னைப் பார்த்து அவளும் தன் தட்டைப் படம் எடுக்கத் தொடங்கினாள், நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் கவனித்தேன், தோசையில் பாதியை ஒதுக்குகிறாள், பள்ளிக்கூட டப்பா அப்படியே திரும்பி வருகிறது. அவள் படங்களில் தட்டு வாரத்துக்கு வாரம் காலியாகிக்கொண்டே போயிருந்தது, அதுதான் அவளுக்குப் பெருமை. அன்றே அந்த ஆல்பத்தை இருவரும் உட்கார்ந்து அழித்தோம். அவள் முன்னால் நான் படம் எடுப்பதையும் நிறுத்தினேன். வளரும் பிள்ளைகளுக்கும், சாப்பாட்டை நினைத்தாலே பதற்றப்படுகிறவர்களுக்கும் இது வேண்டாம் என்று அடித்துச் சொல்வேன்.

போன் சமாச்சாரம்: இதுவரை 2,600 படங்களுக்கு மேல் சேர்ந்து 9 ஜிபி ஆனது, தரத்தைக் குறைத்து வைத்தால் பாதிகூட ஆகாது. இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். டயட்டீஷியனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு தோசைப் படத்தின் ஓரத்தில் என் பேங்க் பாஸ்புக் திறந்து கிடந்தது. அனுப்புமுன் ஓரங்களைப் பாருங்கள்.

2025 மார்ச்சில் 5.8. எடை 71-லிருந்து 67. தினமும் சாயங்காலம் நாற்பது நிமிடம் நடக்கவும் செய்கிறேன், ராத்திரிச் சாப்பாடும் எட்டரைக்கு வந்துவிட்டது. அதனால் படத்தால்தான் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். இப்போது தினமும் எடுப்பதில்லை. மாதத்தில் ஒரு வாரம் மட்டும், அதுவும் சொல்லிக்கொள்ளாமல் நடுவில் ஒரு திங்கட்கிழமை தொடங்கிவிடுவேன்.

போன மாதம் இடம் காலி செய்யப் பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தேன். விடுமுறை நாள் படங்கள் பலவற்றில் மேல் ஓரத்தில் இன்னொரு தட்டின் விளிம்பு விழுந்திருந்தது. அத்தையின் தட்டு. "நீ வா, சேந்து உண்போம்" என்று எனக்காகக் காத்திருந்து கடைசியில் என்னோடுதான் உட்காருவார். பதினோரு வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சோறு, ரசம், ஒரு வத்தல். என் கிண்ணம் வந்த பிறகு எடுத்த படங்களிலும் அதே சோறு, ரசம், வத்தல். ஒரு வருடத்துக்கு மேல் அவர் எதிரிலேயே உட்கார்ந்து என் கிண்ணத்தைத் திறந்து சாப்பிட்டிருக்கிறேன்.

இப்போது இரண்டு கிண்ணம் எடுத்து மூடிவைக்கிறேன். "எனக்கு எதுக்குளா, வளர்ற புள்ளைக்குப் போடு" என்று சின்னவன் பக்கம் தள்ளிவிடுகிறார். நேற்று எடுத்த படத்தில் அவர் கிண்ணம் காலியாக இருக்கிறது. யார் சாப்பிட்டது என்று அதில் தெரியவில்லை.